நாய், நத்தை, ஊறுகாய் மீன்: @ குறிக்கு உலகம் வைத்த பெயர்கள் தெரியுமா?

"மெயில் ஐடி சொல்லுங்க."

இ-சேவை மையத்திலோ வங்கிக் கவுன்ட்டரிலோ இந்தக் கேள்வி வந்ததும் நம் வாய் தானாக ஓடும். முதலில் பெயர். அடுத்து "அட் த ரேட்". அப்புறம் ஜிமெயில் டாட் காம். பத்தாவது தாண்டாத பெரியவரும் அப்படித்தான் சொல்கிறார், பொறியியல் படிக்கும் அவர் பேத்தியும் அப்படித்தான் சொல்கிறாள். அந்த "அட் த ரேட்" என்பது கணினிக்காரர்கள் பேச்சே அல்ல, பல நூறு ஆண்டுகளாக வியாபாரிகள் கணக்கு எழுதிய பேச்சு என்பது தெரியுமா? அதன் வேரைத் தேடிப் போனால் ஸ்பெயின் துறைமுகத்தில் ஒரு மதுச்சாடி வரை போகும்! ஆனால் அங்கே நேராகப் போய்விட எனக்கு மனமில்லை. வழியில் பார்க்க அவ்வளவு இருக்கிறது.

முதலில் ரஷ்யா. அங்கே மின்னஞ்சல் முகவரி சொல்கிறவர் பெயரைச் சொல்லி, "சபாகா" என்பார். சபாகா என்றால் நாய். கற்பனை செய்து பாருங்கள்: அமைச்சர், பேராசிரியர், மருத்துவர் என்று எவர் முகவரி ஆனாலும் பெயருக்குப் பின்னால் ஒரு நாய்! யாரும் சிரிப்பதில்லை, யாரும் கோபப்படுவதில்லை. அந்தக் குறியைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். நடுவில் உருண்ட உடம்பு, சுற்றி வளைந்து வரும் வால். குளிருக்குச் சுருண்டு படுத்த நாய் கண்ணில் படும். ஆர்மீனியர்களுக்கும் அதே காட்சிதான் பட்டிருக்கிறது, ஆனால் அவர்கள் கண்ணுக்கு அது இன்னும் சின்னது: "ஷ்னிக்", நாய்க்குட்டி.

போலந்துக்குப் போனால் நாய் மறைந்து குரங்கு வந்துவிடும். அங்கே @ குறிக்கு "மவ்பா", குரங்கு என்றே பெயர். டச்சுக்காரர்கள் முழுக் குரங்கையும் எடுத்துக்கொள்ளவில்லை, வாலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: "ஆபன்ஸ்டார்ச்சே", குட்டிக் குரங்கு வால். ருமேனியர்களும் குரங்கு வால் என்கிறார்கள். ஜெர்மானியர்கள் சொல்லும் "கிளாம்மர் ஆஃபே" என்பது கிளையை இறுகப் பற்றித் தொங்கும் குரங்கு. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் பேசப்படும் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் குரங்கு வால்தான். இவ்வளவு நாட்டுக்காரர்கள் ஒரே குறியில் ஒரே விலங்கைக் கண்டிருக்கிறார்கள்!

இத்தாலியர்கள் கண்டது நத்தை. "கியோச்சோலா" என்று அவர்கள் சொல்லும்போது அந்தச் சுழி நத்தையின் ஓடாகவே மாறிவிடுகிறது. உக்ரைனிலும் பெலாரசிலும் நத்தை. வேல்ஸ் மொழியில் நத்தை. எஸ்பெராண்டோ என்று ஒரு மொழி உண்டே, உலக மக்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 1887இல் உருவாக்கி வெளியிடப்பட்ட மொழி, அதில்கூட நத்தை! கொரியர்கள் கடல் சூழ்ந்தவர்கள் அல்லவா, அவர்களுக்கு அது கடல் நத்தை: "கோல்பெங்கி". காரம் போட்டுப் பிசைந்து அவர்கள் விரும்பிச் சாப்பிடுகிற அதே நத்தை. மின்னஞ்சல் என்றாலே வேகம் என்று நாம் நினைக்கிறோம். அதன் நடுவில் இத்தனை நாட்டார் ஒரு நத்தையை உட்கார வைத்திருக்கிறார்கள்!

கிரேக்கர்களுக்கு அது "பபாக்கி", வாத்துக் குஞ்சு. ஹங்கேரியில் புழு. தைவானில் குட்டிச் சுண்டெலி. டென்மார்க்கிலும் சுவீடனிலும் "ஸ்னாபெல் ஆ", தும்பிக்கை வைத்த 'ஆ' எழுத்து. யானை வாழாத நாட்டில் தும்பிக்கை தோன்றியிருக்கிறது, பாருங்கள்! பின்லாந்துக்காரர்கள் அதைப் பூனை வால் என்றார்கள், அதோடு நிற்காமல் "மியுகுமாவுகு" என்றும் ஒரு செல்லப் பெயர் வைத்தார்கள். சொல்லைப் படித்தாலே பூனை கத்துவது கேட்கிறதா? கஜகஸ்தானில் சொல்லும் பெயர்தான் என் மனத்தைக் கொள்ளை கொண்டது: நிலாவின் காது. வட்டமான நிலா, அதற்குள் சுருண்ட ஒரு காது. ஒரு மொழி தன்னையறியாமலே கவிதை செய்துவிட்டது.

பசித்த கண்ணுக்கு அது பலகாரம். இஸ்ரேலில் "ஷ்ட்ரூடல்" என்கிறார்கள். மெல்லிய மாவுக்குள் ஆப்பிள் துண்டுகளை வைத்துச் சுருட்டிச் சுடும் பலகாரம் அது. குறுக்கே வெட்டினால் உள்ளே அச்சு அசலாக இந்தச் சுழி தெரியும். எபிரேய மொழிக் கழகம் இதற்கென்று "க்ருகித்" என்ற சொல்லையே தந்தது, அதற்கும் சுருட்டிய பலகாரம் என்றுதான் பொருள்! சுவீடனில் சிலருக்கு அது இலவங்கப்பட்டை தூவிய ரொட்டிச் சுருள். செக் நாட்டிலும் சுலோவாக்கியாவிலும் "ஸவினாச்". ஹெர்ரிங் மீனின் சதையை வெங்காயத்தோடு சுருட்டி, குச்சி குத்தி, காடியில் ஊறப் போட்டுப் புட்டியில் விற்பார்கள். அந்த ஊறுகாய் மீனின் பெயர்தான் அங்கே மின்னஞ்சல் குறியின் பெயர்.

துருக்கியர்கள் சிலர் "குஸெல் ஆ" என்கிறார்கள், அழகான 'ஆ' என்று பொருள். போஸ்னியாவில் பைத்தியக்கார 'ஆ'. நார்வேயில் சுருட்டை ஆல்ஃபா. வியட்நாமில் வடக்கே வளைந்த 'ஆ', தெற்கே கொக்கி போட்ட 'ஆ'.

சரி, இப்படி உலகமே பெயர் வைத்துக் கொஞ்சும் இந்தக் குறி மின்னஞ்சலுக்குள் எப்படி வந்தது?

ஆண்டு 1971. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், கேம்பிரிட்ஜ் நகரம். போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் என்ற நிறுவனத்தில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர். வயது 30. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவரை ஒரு கணினியைப் பயன்படுத்துகிற பலர் தங்களுக்குள் செய்தி விட்டுச் செல்ல முடியும், ஆனால் எல்லோரும் அந்த ஒரே கணினிக்காரர்களாக இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்குள் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவதுபோல. ஆள் பெயர் போதும், முகவரி எதற்கு? டாம்லின்சன் செய்தது இதுதான்: உள்வீட்டுச் சீட்டு எழுதும் நிரல் ஒன்று, வலையமைப்பு வழியாகக் கோப்பை வேறு கணினிக்கு அனுப்பும் நிரல் இன்னொன்று, இரண்டையும் இணைத்துவிட்டார். இந்த வேலையைச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பது தெரியுமா? தானாகத் தோன்றிச் செய்தார். சக ஊழியரிடம் காட்டியபோது, நாம் செய்ய வேண்டிய வேலை இதுவல்ல, யாரிடமும் சொல்லிவிடாதே என்றாராம்!

இப்போது செய்தி வீட்டை விட்டு வெளியே போகிறது. இன்னார் என்றால் மட்டும் போதாது, எந்த வீட்டில் இன்னார் என்றும் சொல்ல வேண்டும். இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஒரு பிரிகோடு வேண்டும். எந்த மனிதர் பெயரிலும் தப்பித் தவறிக்கூட வராத குறியாக அது இருக்க வேண்டும். அவர் முன்னால் இருந்தது மாடல் 33 டெலிடைப். அந்த விசைப்பலகையில் 'பி' எழுத்தின் தலைமேல் ஆள் சீந்தாமல் உட்கார்ந்திருந்தது @. எவர் பெயரிலும் அது இல்லை. அதோடு ஆங்கிலத்தில் அதை "அட்" என்றுதான் படிப்பார்கள். இன்ன இடத்தில் என்ற பொருளும் தானாகக் கிடைத்துவிடுகிறது. இன்னார், இன்ன கணினியில். எடுத்துக்கொண்டார்.

முதல் செய்தி எங்கிருந்து எங்கே போனது தெரியுமா? கண்டம் விட்டுக் கண்டம் அல்ல. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கணினிகளுக்கு இடையே! அவற்றை இணைத்த ஒரே வழி ஆர்பாநெட்தான். அதில் என்ன எழுதினார் என்பது அவருக்கே பிறகு நினைவில்லை. விசைப்பலகையின் மேல்வரிசை எழுத்துகளை வரிசையாகத் தட்டியதாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். சோதித்துப் பார்க்கிறவன் கைக்கு வருவது அதுதானே. எல்லாம் சரியாக ஓடியதும், இனி இப்படி எழுதலாம் என்று சக ஊழியர்களுக்கு அறிவித்தார். அந்த அறிவிப்பும் மின்னஞ்சலாகவே போனது: மின்னஞ்சல் பிறந்த செய்தியை மின்னஞ்சலே கொண்டுபோய்ச் சேர்த்தது!

இனி வருவதுதான் இந்தக் கதையிலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்த சங்கதி. அந்தக் காலத்தில் பல கணினிகளுக்குத் திரை கிடையாது. நீங்கள் தட்டுவது காகிதச் சுருளில் அச்சாகும். அச்சானதை எப்படி அழிப்பீர்கள்? முடியாது. ஆகவே தப்பாகத் தட்டிவிட்டால், "இதை எடுத்துக்கொள்ளாதே" என்று கணினிக்குச் சொல்ல ஒரு குறி தேவைப்பட்டது. மல்டிக்ஸ் என்ற புகழ்பெற்ற இயக்க அமைப்பில் # தட்டினால் முந்தைய ஓர் எழுத்து ரத்து. @ தட்டினால் அந்த வரி முழுவதும் ரத்து! காரணம் அதே காரணம்தான்: வேறு எதற்கும் யாரும் பயன்படுத்தாத குறி. இப்போது நினைத்துப் பாருங்கள். மல்டிக்ஸ்காரர் ஒருவர் ஆசையாக நண்பர் பெயரைத் தட்டி, டாம்லின்சன் சொன்னபடி @ போடுகிறார். போட்ட கணத்தில் அதுவரை தட்டிய வரி காலி. உலகத்துக்கெல்லாம் முகவரி எழுத உதவிய குறி, அவருக்கு முகவரியைத் தின்னும் குறி. மல்டிக்ஸ்காரர்கள் தங்களுக்கென்று வேறு எழுத்து வழியைக் கண்டுபிடித்துத்தான் சமாளித்தார்கள். மல்டிக்ஸுக்குப் பின் வந்த யூனிக்ஸின் தொடக்க காலத்திலும் இந்த வழக்கம் தொடர்ந்தது.

அந்த இரண்டு அழிப்பான்களையும் பாருங்கள்: # ஒன்று, @ ஒன்று. இரண்டுமே சந்தையிலிருந்து வந்தவை என்பது தெரியுமா? # என்பது ரோமானியர்களின் எடையான லிப்ராவைச் சுருக்கி எழுதி, மேலே ஒரு கோடு போட்டதிலிருந்து உருமாறி வந்தது; அமெரிக்காவில் அதை இன்றும் பவுண்டு குறி என்பவர்கள் உண்டு. % குறியும் அப்படியே: நூற்றுக்கு இவ்வளவு என்று இத்தாலிய வியாபாரிகள் அவசரமாகக் கிறுக்கிய கிறுக்கல்தான் கடைசியில் இரண்டு சுழியும் ஒரு சாய்கோடுமாகத் தேய்ந்தது. நம் விசைப்பலகையின் மேல் வரிசை கணித மேதைகள் உட்கார்ந்து வரைந்ததல்ல, கடைக்காரர்கள் கைவேலை!

ஆகவே சந்தைக்குப் போவோம். 1536ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் தேதி. ஸ்பெயினின் செவில் நகரம். புதிதாகக் கண்டடைந்த அமெரிக்கக் கண்டத்துச் செல்வமெல்லாம் வந்து இறங்கும் ஊர் அது. ஃபிளாரன்ஸைச் சேர்ந்த ஃபிரான்செஸ்கோ லாப்பி என்ற வியாபாரி ரோமுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அந்தக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த மூன்று கப்பல்களைப் பற்றிச் சொல்கிறார். அங்கே ஒரு சாடி மது 70, 80 டுகாட் விலை போகிறது என்கிறார். அந்தச் 'சாடி'யை அவர் எழுத்தால் எழுதவில்லை. சின்ன 'ஏ' போட்டு அதைச் சுற்றி வாலை வளைத்துவிட்டார். இன்று நீங்கள் போனில் தட்டும் அதே @!

அந்தச் சாடிக்கு இத்தாலியில் ஆன்ஃபொரா என்று பெயர். இரண்டு கைப்பிடி வைத்த சுடுமண் சாடி. மத்தியதரைக் கடல் முழுக்க எண்ணெயும் மதுவும் அதில்தான் பயணம் செய்தன. சாடி என்பது பாத்திரம் மட்டுமல்ல, அளவும்கூட. நம் ஊரில் ஒரு மரக்கால் நெல் என்றால் பாத்திரமும் அதுவே, கணக்கும் அதுவே அல்லவா, அதுபோல. நமக்கும் அந்தச் சாடி அந்நியமல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தனவே, அதே ஆன்ஃபொராதான்! லாப்பியின் கடிதத்தைப் பழைய ஆவணங்களுக்கிடையே கண்டெடுத்து 2000ஆம் ஆண்டில் உலகுக்குச் சொன்னவர் ஜோர்ஜோ ஸ்தாபிலே என்ற ரோம் நகரப் பேராசிரியர்.

ஆனால் ஸ்பெயின்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. லாப்பிக்கு 88 ஆண்டுகள் முன்பே, 1448இல், காஸ்டீல் நாட்டிலிருந்து அரகோன் நாட்டுக்குப் போன கோதுமையைப் பதிந்த கணக்கேட்டில் இந்தக் குறி இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார்கள். ஸ்பானிய மொழியில் இந்தக் குறியின் பெயர் இன்றும் "அர்ரோபா". அது ஓர் எடையின் பெயர், ஏறக்குறைய 11.5 கிலோ. போர்த்துகீசிய மொழியிலும் அதே பெயர். பிரேசில் நாட்டில் மாட்டு வியாபாரிகள் இன்றும் அர்ரோபா கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். அவர்களுக்கு ஓர் அர்ரோபா 15 கிலோ. அதாவது பிரேசில் விவசாயி காலையில் மாட்டை அர்ரோபாவில் விற்றுவிட்டு மாலையில் மகனுக்கு அர்ரோபா போட்டு மின்னஞ்சல் அனுப்புகிறார்!

அர்ரோபா என்ற சொல் எங்கிருந்து வந்தது? அரபியிலிருந்து. ஸ்பெயினில் நூற்றாண்டுக் கணக்கில் அரபு ஆட்சி இருந்தது. போனபின்னும் சொற்கள் தங்கிவிட்டன. "அர்ருபு" என்றால் அரபியில் நான்கில் ஒன்று. எதில் நான்கில் ஒன்று? குவிண்டாலில்! ஆம், நம் உழவர்கள் நெல்லுக்கும் பருத்திக்கும் விலை பேசும் அதே குவிண்டால். இன்று அது 100 கிலோ, அன்றைய ஸ்பெயினில் 100 பவுண்டு. அதில் கால் பங்கு 25 பவுண்டு, அதுவே அர்ரோபா.

இப்போது தமிழில் யோசித்துப் பாருங்கள். நான்கில் ஒன்றை நாம் என்ன சொல்வோம்? கால். அரை, முக்கால், கால். அப்படியானால் ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் மக்கள் தங்கள் முகவரியைச் சொல்லும்போது, பெயர், அப்புறம் "கால்", அப்புறம் ஜிமெயில் என்றல்லவா சொல்கிறார்கள்! இதைக் கண்டுகொண்ட அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

@ குறிக்கு இன்னும் பழைய முகம் ஒன்றும் உண்டு, அது வியாபார முகம் அல்ல. 1345ஆம் ஆண்டளவில் பல்கேரிய மொழியில் பெயர்த்தெழுதிய மனாசஸ் வரலாற்று ஏடு வாடிகன் நூலகத்தில் இருக்கிறது. அதில் ஆமென் என்ற சொல்லின் முதல் எழுத்து @ வடிவில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவருக்கு அது அழகுக்கு வரைந்த எழுத்து, அவ்வளவுதான். சாடிக்கும் எடைக்கும் அதற்கும் உறவு காட்டச் சான்று ஏதும் இல்லை. ஆனாலும் பெயர்த்தவர் கை அப்படி வளைந்திருக்கிறது, பார்க்கவே சிலிர்க்கிறது.

சாடியாகவும் எடையாகவும் இருந்த குறி மெல்ல மெல்ல விலையின் குறியாயிற்று. ஆங்கிலேய, அமெரிக்கக் கணக்கர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 12 பேனா @ 5 ரூபாய் என்று எழுதினால், பன்னிரண்டும் சேர்த்து 5 ரூபாய் அல்ல, ஒவ்வொன்றும் 5 ரூபாய், ஆக 60. ஒரு சின்னச் சுழி 55 ரூபாய்ச் சண்டையைத் தடுத்துவிடுகிறது. தட்டச்சு இயந்திரம் வந்தபோது பில் போடுகிறவர்களுக்காக அதற்கும் ஒரு விசை கிடைத்தது. கணினி எழுத்துகளுக்கு 1960களில் எண் கொடுத்தபோது அதற்கு 64 என்ற எண் கிடைத்தது. டாம்லின்சன் கண்ணில் படும் வரை அது அங்கே காத்திருந்தது.

அதன்பின் அதற்கு ஏறுமுகம்தான்! 1980இல் வந்த ரோக் என்ற கணினி விளையாட்டில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துகள். அதில் விளையாடுகிற நீங்கள் யார் தெரியுமா? @ தான். திரையில் நகரும் அந்தச் சுழிதான் நீங்கள். ஸ்பானிய மொழியில் நண்பன் என்பது 'ஓ' ஒலியில் முடியும், தோழி என்பது 'ஆ' ஒலியில் முடியும். இரண்டு பாலையும் ஒரே எழுத்தில் அடக்க ஆசைப்பட்டவர்கள் கடைசி எழுத்தாக @ போட்டார்கள், உள்ளே 'ஆ', வெளியே 'ஓ'! ஸ்பானிய மொழிக் கழகம் அது எழுத்தே அல்ல என்று மறுத்தது. மறுத்தும் சுவரொட்டிகளில் அது நிற்கிறது. 2007இல் சீனாவில் ஒரு தம்பதி தங்கள் குழந்தைக்கு @ என்றே பெயர் வைக்க விரும்பினார்கள் என்று அந்நாட்டு மொழி ஆணைய அதிகாரி தெரிவித்தார். காரணம் உருக வைக்கிறது: சீனர் வாயில் "அட்" என்பது "அய் தா" போல ஒலிக்கும், அவனை நேசி என்று பொருள்.

மோர்ஸ் தந்தி முறை தெரியும் அல்லவா, புள்ளியும் கோடுமாகத் தட்டுவது? அந்தப் பட்டியலில் பல பத்தாண்டுகளாக யாரும் புது எழுத்து சேர்க்கவில்லை. 2004இல் சேர்த்தார்கள், எதை? @ குறியை! 'ஏ'யையும் 'சி'யையும் இடைவெளி விடாமல் சேர்த்துத் தட்டினால் அதுதான். சாமுவேல் மோர்ஸ் முதல் பொதுத் தந்தியை அனுப்பி அப்போது சரியாக 160 ஆண்டுகள். தந்தியின் பேரனான மின்னஞ்சல் தாத்தா வீட்டுக்கே தன் குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டது.

2010 மார்ச்சில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் @ குறியைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. எவ்வளவு கொடுத்து வாங்கினார்கள் தெரியுமா? ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாததை யாரிடம் வாங்குவது? ஒரு பொருளைக் கையில் எடுக்காமலே அதை அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்று காட்டிவிட்டார்கள். டாம்லின்சன் 2016இல் மறைந்தார். அவருக்கு இரங்கல் சொன்ன மின்னஞ்சல் ஒவ்வொன்றின் தலையிலும் அந்தக் குறி இருந்திருக்கும்.

இப்போது நம் "அட் த ரேட்"டுக்கு வருகிறேன். கஜகஸ்தானுக்கு நிலாவின் காது, கிரேக்கருக்கு வாத்துக் குஞ்சு, நமக்கு ஓர் ஆங்கிலத் தொடர்தானா என்று எனக்கு ரொம்ப நாள் மனத்தாங்கல் இருந்தது. முறுக்கு, ஜாங்கிரி, சுருண்ட மரவட்டை என்று நம் கண்ணுக்கு என்னதான் தெரியாது! லாப்பியின் கடிதத்தைப் பற்றிப் படித்ததும் அந்தத் தாங்கல் போய்விட்டது. ஏனென்றால் விலங்கும் பலகாரமும் கண்டவர்கள் எல்லோரும் உருவத்தைத்தான் பார்த்தார்கள். இந்தியாவில் நாம் பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலேயக் கம்பெனிகளின் பேரேடுகளிலும் பில்களிலும் இருந்த அந்த விலைக் குறியை நம் கணக்கர்கள் வாய்விட்டுப் படித்த படிப்பு, பேரேடு போனபின்னும் நம் நாவில் தங்கிவிட்டது. இன்ன விலை வீதம் என்பதே அதன் பொருள். ஆம், வீதம்! "மூட்டை 900 ரூபாய் வீதம் 10 மூட்டை" என்று மண்டியில் சொல்கிறார்களே, சதவீதம் என்ற சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறதே, அந்த வீதம்தான் @. தமிழில் அதற்குப் பெயர் தேடுகிறவர்கள் முதலில் மண்டிக் கடைக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் கணக்கர்கள் வைத்திருந்த சுழிகளும் சாதாரணமா? ரூபாய்க்கு ௹. வரவுக்கு ௷. பற்றுக்கு ௶. மேற்படி என்பதற்கு ௸. பழைய கிரயப் பத்திரங்களில் "௸ சொத்து" என்று வருமே, அது. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. கல்யாணப் பத்திரிகையில் இன்றும் பார்க்கலாம். லாப்பி செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள்: திரும்பத் திரும்ப எழுத வேண்டிய சொல்லின் எழுத்தை எடுத்து, வாலை வளைத்து, ஒரே வீச்சில் முடித்தார்கள். இவையெல்லாம் 2003இல் வந்த யூனிகோட் 4.0 பதிப்பில் இடம்பெற்றுவிட்டன என்பது தெரியுமா? உலகத்துக் கணினிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அந்த எழுத்துப் பட்டியலில் @ இருக்கும் அதே வரிசையில் நம் வரவும் பற்றும் இருக்கின்றன.

அதோடு நிற்கவில்லை. 2019இல் யூனிகோட் 12.0 பதிப்பில் தமிழுக்கென்று இன்னும் 51 குறிகள் வந்தன. நெல்லுக்குக் குறி. ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்குக்குக் குறி. காசு, பணம், பொன், வராகனுக்குக் குறி. குழிக்கும் வேலிக்கும் குறி. கூடவே பின்னங்கள்: 320இல் ஒன்றான முந்திரி, 80இல் ஒன்றான காணி, 20இல் ஒன்றான மா, 16இல் ஒன்றான வீசம். இவ்வளவு நுணுக்கமாக அரிசியும் பொன்னும் அளந்தவர்களுக்கு 320இல் ஒன்று போதவில்லை. அதற்கும் கீழே இறங்க "கீழ்" என்று ஒரு குறி வைத்துக்கொண்டார்கள். கீழ் முந்திரி என்றால் 1,02,400இல் ஒரு பங்கு!

அந்த 51இல் 64இல் ஒன்றுக்கும் குறி உண்டு, கால் வீசம். @ குறியின் கணினி எண்ணும் 64 என்பது தற்செயல்தான், ஆனால் என்ன ஒரு தற்செயல்! நான்கில் ஒன்றுக்கும், அதாவது நம் காலுக்கும், தனிக் குறி இருக்கிறது: செவில் நகரத்துச் சுமைகளை அளந்த அர்ரோபாவின் அதே பின்னம். அதைக் காட்டும் எழுத்துரு உங்கள் போனில் இல்லையென்றால் வெறும் கட்டமாகத் தெரியும். அப்போது பரணில் தாத்தாவின் கணக்கு நோட்டு கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால், வரவுப் பக்கத்தில் ௷, பற்றுப் பக்கத்தில் ௶, ஓரத்தில் காலும் அரைக்காலும் வீசமும்.